வலைச்செயலி எல்லோருக்கும் எட்ட வேண்டும்

பார்வை குன்றிய ஒருவரின் கைபேசிக்கு அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு வந்து சேர்கிறது. அதனைப் படிக்க இயலாமல், காத்திருப்புக் கூடத்தில் அருகே அமர்ந்திருப்பவரிடம் கைபேசியை நீட்டுகிறார். தம் நோய் இன்னதென்று தாம் அறிவதற்கு முன்பே ஓர் அயலார் அறிந்துகொள்கிறார். நம் மருத்துவமனையின் வலைச்செயலியை நாங்கள் மாற்றியமைக்க முற்பட்டதற்கு இத்தகைய நிலையே காரணம். தகவல் தொழில்நுட்பம் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் வலியுறுத்துகிறது.

பார்வையற்றோர் கைபேசியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் கையாளுகின்றனர். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணினியில் கட்டணமின்றிக் கிடைக்கும் என்விடிஏ ஆகியன அவ்வகையின. திரையில் உள்ளவற்றுக்கு நிரலில் இடப்பட்டுள்ள பெயர்களையே இவை உரக்கச் சொல்கின்றன. நாள்காட்டிப் படம் மட்டும் பொறித்த பொத்தானுக்கு நிரலில் பெயரில்லையெனில், "பொத்தான்" என்று மட்டுமே காதில் விழும். அது எதற்கானது என்பது விளங்காது. தாளை ஒளிப்படமாக எடுத்து ஏற்றிய பரிசோதனை அறிக்கையும் அவ்வாறே பயனற்றுப் போகிறது. ஆகையால் அறிக்கைகளை இப்போது எழுத்து வடிவிலேயே தருகிறோம். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பதும் இன்றியமையாதது. அக்குறிப்பு இல்லாவிடில், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளை விட்டுவிடவோ சிதைத்து உச்சரிக்கவோ கூடும்.

பார்வையற்றோர்க்கு மட்டுமே உரிய ஏற்பாடு இதுவென எண்ண வேண்டா. கண்புரை உள்ளவர், கைநடுக்கம் உள்ளவர், ஒரு கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருக்க மறுகையால் கைபேசியைப் பிடித்திருப்பவர் ஆகிய அனைவரும் இதனால் பயன்பெறுவர். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வகுத்துள்ள அணுகல் வழிகாட்டுதல்களின்படி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்னும் ஒளி வேறுபாடு வேண்டும். எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் பக்கம் பயன்படும் நிலையில் இருத்தல் வேண்டும். முன்பெல்லாம் அளவு மீறிய சர்க்கரை மதிப்பைச் சிவப்பு நிறத்தால் மட்டுமே காட்டினோம். நிறக்குருடு உடையோர்க்கு அது புலப்படாது என்பதால், இப்போது அருகே "அதிகம்" அல்லது "குறைவு" என்னும் சொல்லையும் சேர்த்துள்ளோம்.

செயலியில் எந்த மாற்றத்தையும் நேரடியாகச் செய்வதில்லை. அதைப் போன்றே மற்றொரு சோதனைப் பிரதியைத் தனிக் கணினியில் அமைத்து, அதிலேயே மாற்றங்களைச் செய்து பார்க்கிறோம். அப்பிரதியில் இருப்பவை கற்பனைப் பெயர்களும் கற்பனை மதிப்புகளுமே. உங்கள் மருத்துவக் குறிப்புகளில் ஒன்றுகூட அங்கு இல்லை. பிழை காணும் தானியங்கிக் கருவிகள் உண்டு. எனினும் அவை பிழைகளில் ஒரு பகுதியையே கண்டுபிடிக்கும். பொத்தானுக்குப் பெயர் உண்டா என்று கருவி சொல்லும். அப்பெயர் பொருத்தமானதா என்று சொல்லாது. எனவே சுட்டியை ஒதுக்கிவிட்டு விசைப்பலகையால் மட்டும் முன்பதிவு செய்து பார்க்கிறோம். பிறகு திரையை அணைத்து, காதால் மட்டும் கேட்டு அதே பணியைச் செய்கிறோம். முதன்முறை இதனைச் செய்தபோது எங்களுள் ஒருவராலும் முன்பதிவை முடிக்க இயலவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு முறை அழகு கருதி நாள்காட்டியை மாற்றினோம். கருவி குறையொன்றும் காட்டாததால் மற்றச் சோதனைகளைத் தவிர்த்துவிட்டோம். புதிய நாள்காட்டியில் நாளைத் தேர்ந்தெடுக்கத் திரைவாசிப்பானால் இயலவில்லை. சிறுநீரக மருத்துவரைக் காண நாள் குறிக்க முயன்ற ஒருவர், மூன்று நாள் போராடிய பின்னர், தம் மகனை அனுப்பிச் சொன்ன பிறகே அது எங்களுக்குத் தெரியவந்தது. அன்றே பழைய நாள்காட்டியைத் திரும்ப வைத்தோம். அதன்பின், எவ்வளவு சிறிய மாற்றமாயினும் விசைப்பலகை, செவி ஆகிய இரு சோதனைகளும் முடியாமல் செயலியில் சேர்ப்பதில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் குறைகள் எஞ்சியிருக்கும். கடவுச்சொல்லை உள்ளிடுவதற்கான நேரம் போதவில்லையெனினும், ஏதேனும் ஒரு பக்கத்தில் திரைவாசிப்பான் மௌனமாகிவிட்டதெனினும் வரவேற்பு மேசையில் தெரிவியுங்கள். எந்தப் பக்கம், எந்த வகைக் கைபேசி, கடைசியாகக் காதில் விழுந்த சொல் எது என்னும் மூன்றும் போதும். கடவுச்சொல்லையோ நோய் விவரத்தையோ சொல்ல வேண்டுவதில்லை. துணைக்கு வருவோர், செயலியை நோயாளிக்காகத் தாமே இயக்கிவிடாமல், அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கவனித்துச் சொன்னால் எங்கள் பணி எளிதாகும்.