பெயர் மறந்தாலும் கை மறப்பதில்லை

முதுமை மறதி நோய் வந்தவர்களை வீட்டில் எப்படிக் கவனித்துக்கொள்வது என்று பேசத் தொடங்கினால், மருந்து, மருத்துவர், பணிப்பெண் ஆகிய மூன்றைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். அந்த முதியவர் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை என்ன செய்கிறார் என்று நாம் கேட்பதில்லை. பல வீடுகளில் அதற்கு ஒரே விடைதான்: அவர் ஒன்றும் செய்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது.

இது நமக்குத் தொலைவில் உள்ள பிரச்சினையன்று. மலேசியாவில் 2018ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று கண்டது. சிங்கப்பூரில் மனநலக் கழகம் 2022, 2023ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வின்படி, அதே வயதினரில் 11 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. ஆகவே, அந்த நாற்காலி நம்மில் பலர் வீட்டிலும் ஒரு நாள் போடப்படலாம். அதற்கு மாற்றாக, பண்ணை வேலையையும் பிராணிகளையும் கொண்டு சில நாடுகள் செய்துவரும் முயற்சியைப் பற்றி இன்று பார்ப்போம்.

நோய் எதை விட்டுவைக்கிறது?

முதுமை மறதி என்பது ஒரே நோயின் பெயரன்று. மூளையைப் பாதிக்கும் பல நோய்களின் விளைவு அது. அவற்றுள் அதிகம் காணப்படுவது, 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்த நோய். இந்த நோயில், புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதி முதலில் பழுதடைகிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்டதை மறந்து, "எனக்கு இன்னும் பசியாறத் தரவில்லையே" என்கிறார்கள்.

ஆனால் கையால் செய்து பழகிய வேலைகளின் நினைவு மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது. அது நெடுநாள் தங்கியிருக்கும். பேரனின் பெயர் வராத பாட்டி முருங்கைக்கீரையை ஒழுங்காக ஆய்ந்து கொடுப்பார், பூச்சரம் தொடுப்பார். இன்று என்ன கிழமை என்று தெரியாத தாத்தா மண்வெட்டியைக் கையில் கொடுத்தால் சரியாகப் பிடிப்பார். அறிவு போய்விட்டது என்று நாம் முடிவு கட்டிய இடத்திலும் திறமை மிச்சம் இருக்கிறது.

பண்ணையே பராமரிப்பு நிலையம்

இந்த உண்மையை நன்கு பயன்படுத்திக்கொண்ட நாடு நெதர்லாந்து. அங்கே விவசாயிகள் தங்கள் பண்ணைகளை முதியோர், உடற்குறையுள்ளோர், மனநலம் குன்றியோர் ஆகியோருக்காகத் திறந்துவிட்டார்கள். 1998ஆம் ஆண்டு சுமார் 75 பராமரிப்புப் பண்ணைகள் இருந்தன. 2009க்குள் அவை 1,000ஐத் தாண்டிவிட்டன. இன்று அங்கு மறதி நோயாளிகளுக்கான செலவு நகராட்சியின் வழியாகவோ தேசியப் பராமரிப்புக் காப்புறுதியின் வழியாகவோ கொடுக்கப்படுகிறது. நார்வேயிலும் இத்தகைய பண்ணைகள் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களாக இயங்குகின்றன.

அங்கே முதியவர்கள் கோழிக்குத் தீனி போடுகிறார்கள், முட்டை பொறுக்குகிறார்கள், ஆட்டுக்குத் தழை கொடுக்கிறார்கள், முற்றம் கூட்டுகிறார்கள், மதியச் சமையலுக்கு உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார்கள். முடியாதவர்கள் நிழலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். யாரையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

இதில் என்ன சிகிச்சை இருக்கிறது என்று கேட்கலாம். நான்கு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, உடல் அசைகிறது. இரண்டாவது, பகல் வெளிச்சம் உடம்பில் படுகிறது. இரவையும் பகலையும் உடல் பிரித்தறிய அந்த வெளிச்சம் தேவை. மூன்றாவது, பண்ணையில் வேலை தானே கண்ணில் படுகிறது. கோழி கத்தினால் தீனி போட வேண்டும்; செடி வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும். யாரும் வந்து நினைவூட்ட வேண்டியதில்லை. நான்காவதுதான் முக்கியமானது. அங்கு அவர் நோயாளியாக இருப்பதில்லை. வேலை செய்யும் ஓர் ஆளாக இருக்கிறார்.

நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகளில், வழக்கமான முதியோர் இல்லங்களில் இருப்பவர்களைவிடப் பண்ணைகளில் தங்கியிருப்பவர்கள் அதிகமாக நடமாடுவதும், வெளியே செல்வதும், மற்றவர்களுடன் பழகுவதும் தெரியவந்தது. பகல்நேரத்தில் பண்ணைக்குச் செல்பவர்கள், மற்றப் பகல்நேர நிலையங்களுக்குச் செல்பவர்களைவிட அதிகமாக உண்டதையும் நீர் அருந்தியதையும் 2010ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மறதி நோயில் சாப்பாடு குறைந்து உடல் மெலிவது பெரிய சிக்கல் என்பதால், இது சிறிய செய்தியன்று.

பிராணிகள் என்ன செய்கின்றன?

மனநல சிகிச்சையில் பிராணிகளைப் பயன்படுத்துவது பற்றி முறையாக எழுதியவர்களில் முன்னோடி, அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன். தம் நாய் அறையில் இருந்தபோது, பேசத் தயங்கிய குழந்தை நெருங்கி வருவதை அவர் கவனித்தார். 1960களின் தொடக்கத்தில் அதைப் பற்றி எழுதினார். பின்னர் அந்த முறை முதியோரிடமும் பரவியது.

மறதி நோய் உள்ளவரிடம் நாம் பேசுவதைச் சற்றுக் கவனியுங்கள். "நான் யார் தெரிகிறதா?" "நேற்று யார் வந்தார்கள்?" "இப்போதுதானே சொன்னேன்?" நம் அன்பெல்லாம் பரீட்சையாக மாறிவிடுகிறது. பூனையோ முயலோ எந்தக் கேள்வியும் கேட்பதில்லை, தவறைத் திருத்துவதுமில்லை. தடவிக் கொடுத்தால் மடியில் படுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

தொடவும் வேண்டியதில்லை என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி எட்வர்ட்ஸ், ஆலன் பெக் இருவரும் அல்சைமர் நோயாளிகளின் சாப்பாட்டு அறையில் மீன் தொட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். 2002ல் வெளியான அந்த ஆய்வில் 62 நோயாளிகள் இருந்தார்கள். அவர்கள் உண்ணும் அளவு முதலில் 21 விழுக்காடும் பின்னர் 27 விழுக்காடும் கூடியது. 16 வாரங்களில் சராசரியாக முக்கால் கிலோ எடை ஏறியது.

ஜப்பானிய ஆராய்ச்சியாளர் தகானோரி ஷிபாத்தா இன்னொரு வழி கண்டார். கடல்நாய்க் குட்டியின் உருவில் பாரோ என்ற இயந்திரப் பொம்மையை உருவாக்கினார். அது தொட்டால் அசையும். குரல் கேட்டால் தலை திருப்பும். 2005ல் விற்பனைக்கு வந்தது. நாய், பூனை எப்படி நடந்துகொள்ளும் என்பது எல்லாருக்கும் தெரியும். பொம்மை அப்படி இல்லையென்றால் ஏமாற்றம் வரும். கடல்நாயோடு பழகியவர் அரிது என்பதாலேயே அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வாமை, கடி, கீறல் என்ற அச்சம் உள்ள இடங்களில் இது உதவுகிறது. ஆனால் முதியவரைக் குழந்தையாக்கிப் பொம்மை கொடுப்பது சரிதானா என்ற கேள்வியும் எழுகிறது. அவர் விரும்பினால் கொடுக்கலாம். வெட்கப்பட்டால் வற்புறுத்தக் கூடாது.

எதை எதிர்பார்க்கலாம்?

இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இவை எதுவும் நோயைக் குணப்படுத்துவதில்லை. போன நினைவைத் திருப்பித் தருவதுமில்லை. பிராணிகளைக் கொண்டு செய்த 9 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019ல் கொக்ரேன் அமைப்பு பரிசீலித்தது. மனச்சோர்வு சிறிதளவு குறையக்கூடும் என்பதைத் தவிர, வாழ்க்கைத் தரத்திலோ அமைதியின்மையிலோ தெளிவான மாற்றத்தைக் காண முடியவில்லை. ஆகவே, "இந்த நாயைக் கட்டிப்பிடித்தால் மறதி போய்விடும்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். மருத்துவர் கொடுத்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். நாம் எதிர்பார்க்க வேண்டியது ஒரு நல்ல பொழுதை. நாளை அதை அவர் மறந்தாலும், இன்று அந்தப் பொழுது அவருக்குக் கிடைத்தது.

நம் வீடுகளில்

நம் மூத்தவர்கள் பலர் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, வீடு திரும்பி லயத்துக்குப் பின்னால் மாடும் ஆடும் கோழியும் வளர்த்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின், அந்தக் கைகள் அடுக்குமாடி வீட்டுக்குள் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டன. நெதர்லாந்துப் பண்ணை நமக்குக் கிடைக்காது. ஆனால் அதன் கருத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாம்.

வாசலில் நான்கு தொட்டிகளில் கறிவேப்பிலை, துளசி, பாண்டான் இலை வையுங்கள். வாசனை பழைய நினைவைத் தட்டி எழுப்பும். தண்ணீர் ஊற்றும் வேலையை அவரிடமே விடுங்கள்; இரண்டு முறை ஊற்றினால் குடிமுழுகிப் போகாது. சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒரு மீன் தொட்டி வைக்கலாம். சிங்கப்பூர் வீவக வீடுகளில் 2024 செப்டம்பர் முதல் இரண்டு பூனைகள் வரை உரிமத்துடன் வளர்க்க அனுமதியுண்டு. புறாவுக்குத் தீனி போடுவது மட்டும் அங்கே குற்றம். வெளியே அழைத்துச் செல்ல விரும்புவோருக்குச் சிகிச்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. தேசியப் பூங்காக் கழகம் 2016ல் ஹோர்ட்பார்க்கில் முதல் தோட்டத்தைத் திறந்தது.

கவனிக்க வேண்டியவை

முதலில் அவருடைய வாழ்க்கையைக் கேட்டறியுங்கள். சிறுவயதில் நாய் கடித்தவருக்கு நாய் ஆறுதலன்று, பயம். பல இன மக்கள் தங்கும் இல்லங்களில் நாயை அழைத்து வருமுன் அனைவரையும் கேட்க வேண்டும். முஸ்லிம் அன்பர்களுக்கு அது சங்கடமாக இருக்கலாம். பூனை காலில் இடறி முதியவர் விழுந்துவிடாமல் பாருங்கள். பிராணியைத் தொட்டபின் கை கழுவச் செய்யுங்கள். பூசைக்கு வளர்க்கும் அரளி கொடிய நஞ்சு. மறதி நோயாளிகள் கைக்குக் கிடைத்ததை வாயில் போடக்கூடும் என்பதால் அது வேண்டாம். பிராணியின் பொறுப்பை முழுதும் அவரிடம் விடாதீர்கள். அதற்கும் பசியும் களைப்பும் உண்டு.

மறதி நோய் வந்தவரிடமிருந்து நாம் முதலில் பறிப்பது வேலையைத்தான். "நீங்கள் பேசாமல் உட்காருங்கள்" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல், "இனி உங்களால் எங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை" என்றே அவர் காதில் விழுகிறது. நாளைக் காலையில் அதற்குப் பதிலாக, "அம்மா, இந்தக் கீரையைக் கொஞ்சம் ஆய்ந்து தருகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கீரையோடு தண்டும் கலந்து வரலாம். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள்.