காற்றில் கரையும் பெட்ரோல்

மைலேஜ் குறைந்தால் கார்காரரின் சந்தேகம் முதலில் பாய்வது பெட்ரோல் பங்க் மீது. அடுத்து எத்தனால் மீது. இரண்டாவதில் நியாயம் உண்டு. பெட்ரோலைவிட எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீத எத்தனால் கலப்பால் அதற்கேற்ப சீரமைக்கப்பட்ட கார்களில் 1-2 சதவீதமும் மற்றவற்றில் 3-6 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று 2025இல் மத்திய அரசே ஒப்புக்கொண்டது.

பங்க்கில் என்ன ஊற்றுகிறார்கள் என்பது வாடிக்கையாளர் கையில் இல்லை. பராமரிப்பு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பலரும் இன்னும் அம்பாசடர் காலத்து வைத்தியத்தையே நம்புகிறார்கள்.

கார்புரேட்டர் வண்டிகளில் ஏர் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் வீணாகும். இன்றைய கார்களில் உள்ளே வரும் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை மட்டுமே கம்ப்யூட்டர் அனுப்புகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009இல் சோதித்துப் பார்த்தது: ஃபில்டர் அடைத்தால் பிக்கப்தான் குறைகிறது, மைலேஜ் அல்ல. தூசி எஞ்சினை அரிக்காமல் இருக்க ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மைலேஜ் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

உண்மையான திருடர்கள் வேறு. ஆக்ஸிஜன் சென்சார் கெட்டால் கம்ப்யூட்டர் ஏமாந்து கூடுதல் பெட்ரோலை அனுப்பும். இதைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம்வரை கூடலாம் என்கிறது அமெரிக்க அரசு. சத்தம் வராது, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். பலர் அதை மாதக்கணக்கில் கண்டுகொள்வதில்லை. பிடித்துக்கொண்ட பிரேக்கும் அப்படித்தான். ஓடி நிற்கும் காரில் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அங்கே பெட்ரோல் எரிகிறது என்று பொருள்.

மூன்றாவது திருடன் டயர். நான்கிலும் ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தம் குறைந்தால் மைலேஜில் 0.2 சதவீதம் போகும். தொகை சிறிது, ஆபத்து பெரிது: காற்றில்லாத டயர் நெளிந்து நெளிந்து சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கலாம். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடினால் செலவு 800 லிட்டர். 5 சதவீதம் மிச்சமானாலே 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 4,000 ரூபாய்.

பங்க்கில் காற்று இலவசம். வரிசை என்னவோ பெட்ரோலுக்குத்தான்.