அண்ணாச்சி வாக்கும் அரசுப் பதிவும்

கடனுக்குச் சரக்கு அனுப்புமுன் ஆளைப் பற்றி விசாரிப்பது திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதல்ல. அம்பாசமுத்திரத்து நெல்லோ, பத்தமடைப் பாயோ, கல்லிடைக்குறிச்சி அப்பளமோ, வண்டி ஏறுமுன் டவுன் ரதவீதியில் ஒரு பெரிய கடைக்காரரிடம் "அண்ணாச்சி, ஆளு எப்படி?" என்று கேட்டுவிடுவார்கள். "தவணை தப்பமாட்டான்" என்றால் சரக்கு போகும். "பாத்துச் செய்யுங்க" என்றால் போகாது.

ஆனால் கேட்பவரும் அந்த வட்டத்து ஆளாக இருக்கவேண்டும். சாதி, சொந்தம், தெரு என்று ஏதாவது ஒரு பிடி இல்லாதவரிடம் அண்ணாச்சி மனம்விட்டுப் பேசமாட்டார். பெரிய பெயர்களையோ யாரும் விசாரிப்பதே இல்லை. 1906 அக்டோபரில் சென்னையில் திவாலான அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கியின் கதையும் அப்படித்தான். பெயரில்தான் கம்பெனி, நடந்தது கூட்டு வியாபாரம். துரைமார் பெயரை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு உள்கணக்கு தெரியவில்லை.

அதே மாதம், அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, 1882ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இப்படிப் பதிவான கம்பெனியின் விவரங்களைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். ஆனால் ஏடு இருந்தது பதிவு அலுவலகத்தில். அப்பள வியாபாரி அதற்காகக் கடையைவிட்டுப் போவாரா? சட்டம் கதவைத் திறந்துவைத்தும், பல பத்தாண்டுகள் அண்ணாச்சி வாக்கே செல்லுபடியானது.

2006இல் கம்பெனிப் பதிவுகள் இணையத்துக்கு வந்தன. நிறுவனம் நடப்பில் இருக்கிறதா, இயக்குநர்கள் யார், கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தது, எந்த வங்கிக்கு எதை ஈடு வைத்திருக்கிறது என்பதெல்லாம் திரையில் தெரிகின்றன. 2017இல் வந்த ஜிஎஸ்டி, கம்பெனி அல்லாதவர்களையும் இந்த வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பில்லில் உள்ள 15 இலக்க எண்ணைத் தட்டினால் பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தானதா, ரிட்டர்ன் ஒழுங்காகப் போகிறதா என்று காட்டும். அந்த எண்ணின் ஆறாவது எழுத்தே பாதி சொல்லிவிடும்: 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'பி' என்றால் தனிநபர். ஆலையும் குடோனும் தன்னுடையவை என்கிறாரா? வில்லங்கச் சான்று போட்டால், பதிவான அடமானம் வெளியே வரும். நீதிமன்ற வழக்குகளையும் பெயரைக் கொண்டு தேடலாம்.

ஓட்டைகளும் உண்டு. 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஜிஎஸ்டி வரம்புக்குள் வராத சின்ன வியாபாரியைப் பற்றி அந்த ஏடு பேசாது. கைமாற்றுக் கடன் எதிலும் ஏறாது. ரிட்டர்னைத் தேதி தவறாமல் போடுபவர், சரக்கு கொடுத்தவரை ஆறு மாதம் அலையவிடலாம். அதை அவருக்கு ஏற்கெனவே சரக்கு கொடுத்தவர்தான் சொல்லமுடியும்.

அதனால் அண்ணாச்சிக்கு இன்றும் வேலை இருக்கிறது. மாறியது கேட்கும் வரிசை. முதலில் பதிவைப் பார்த்துவிட்டு, அதில் இல்லாததை மட்டும் அவரிடம் கேட்கலாம். அவரை அறியாத பத்தமடைப் பாய் நெசவுக்காரிக்கும் விசாரணையின் முதல் பாதி இப்போது கைக்கெட்டும் தூரத்தில்.