உங்களுக்குத் தெரியுமா? – மாரியோவை இழுத்த தண்ணீர்

ஓடு, தாவு, எதிரி தலையில் குதி. பிளாட்ஃபார்ம் கேம் என்றால் இவ்வளவுதான். அதில் தண்ணீர் ஸ்டேஜ் வந்ததும் பாதிப் பேர் ஜாய்ஸ்டிக்கைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள். தண்ணீர் சும்மா கிடந்தால்கூடப் பரவாயில்லை. ஓட ஆரம்பித்துவிட்டால்தான் தொல்லை. இந்த முறை அந்த ஓட்டத்தைப் பற்றிச் சில துளிகள்.

★ 1985-ல் ஜப்பானில் வெளியான 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமில் 2-2 ஸ்டேஜ் கடலுக்கடியில் நடக்கும். தரையில் அங்கங்கே பள்ளம் விட்டிருப்பார்கள். அதன் மேலே நீந்திப் போகும்போது மாரியோ கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போவார். பட்டனை ஒழுங்காக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று நம்மை நாமே திட்டிக்கொள்வோம். விரல் மேல் குற்றமில்லை. அந்தப் பள்ளத்துக்கு மேலே ஒரு சுழல் இருக்கிறது. நுரை கிடையாது, குமிழி கிடையாது, எச்சரிக்கைப் பலகை கிடையாது. படமாக வரையப்படாமல் புரோகிராமில் மட்டுமே இருக்கும் சுழல் அது. மாரியோ அதன் எல்லைக்குள் வந்ததும் கீழே மட்டுமல்ல, பள்ளத்தின் நடுவை நோக்கிப் பக்கவாட்டிலும் இழுக்கும். ஓரமாக நழுவிவிடலாம் என்று பார்த்தவர்கள் ஏன் நழுவ முடியவில்லை என்பதற்கு விடை இதுதான். 7-2-லும் இதே கதை.

★ மேலே சொன்ன கேம் மொத்தமும், சுழல், மீன், பாட்டு எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் தினமும் வரும் 'காலை வணக்கம்' படம் பெரும்பாலும் இதைவிடப் பெரியது.

★ கேமில் நீரோட்டம் என்பது உண்மையில் என்ன? ஓர் எண்.

பழைய டிவி கேம்களில் திரை நொடிக்குச் சுமார் 60 முறை புதிதாக வரையப்படும். ஒவ்வொரு முறையும் வீரன் நிற்கும் இடத்தோடு அந்த எண்ணைக் கூட்டிவிட்டால் போதும், அவன் நகர்ந்துகொண்டே இருப்பான். தண்ணீர் தள்ளுவதுபோலத் தெரியும். ஆனால் எண்ணை எதோடு கூட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இடத்தோடு கூட்டினால், அது எஸ்கலேட்டர். சீராக நகர்த்தும், வெளியே வந்த நொடியே விட்டுவிடும். வேகத்தோடு கூட்டினால், அது சரிவில் விட்ட சைக்கிள். நேரம் போகப்போக வேகம் ஏறும். வெளியே வந்த பிறகும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும். விளையாடுபவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கட்டைவிரல் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நீரின் வேகம் நீந்தும் வேகத்தைவிடக் குறைவா? அப்படியானால் அது சிரமம், அவ்வளவே. இரண்டும் சமமா? எவ்வளவு நீந்தினாலும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். நீர்தான் வேகமா? இனி அது தண்ணீரே இல்லை, ஒருவழிப் பாதை. சுவர் கட்டாமல், கதவு போடாமல், ஓர் எண்ணை மட்டும் ஏற்றிவைத்து 'இந்தப் பக்கம் வராதே' என்று சொல்லிவிடலாம்.

★ அந்த ஒருவழிப் பாதையைப் பூட்டாகவே வைத்த கேம் ஒன்று உண்டு. 2000-ல் கேம்பாய் கலருக்கு வந்த 'வாரியோ லேண்ட் 3'. ஆரம்பத்தில் வாரியோவுக்கு முங்கி நீந்தவே தெரியாது, தண்ணீரில் மிதப்பார். ஒரு புதையல் பெட்டியில் நீச்சல் துடுப்பு கிடைக்கும், முங்கலாம். ஆனால் ஓடும் தண்ணீர் இன்னும் தள்ளிவிடும். அப்புறம் இன்னொரு பெட்டியில் தவளை இளவரசனின் கையுறை கிடைக்கும். அதைப் போட்டதும் எதிர்நீச்சல் கைவந்துவிடும். முன்பு தள்ளிவிட்ட பழைய ஸ்டேஜ்களுக்குத் திரும்பிப் போனால், அங்கெல்லாம் புது வழி. தண்ணீர் மாறவில்லை; வாரியோவின் எண்தான் ஏறியிருக்கிறது.

★ 1995-ல் கேம்பாயில் வந்த 'கிர்பி'ஸ் ட்ரீம் லேண்ட் 2'-வில் கிர்பிக்கு மூன்று விலங்குகள் கூட்டாளிகள். காற்றை எதிர்த்துப் பறக்க ஓர் ஆந்தை, பனியில் வழுக்காமல் நடக்க ஒரு வெள்ளெலி, நீரோட்டத்தை எதிர்த்து நீந்த கைன் என்ற மீன். அந்த மீனைத் தரையில் விட்டால் பாவம், துள்ளித் துள்ளித்தான் போகும். தண்ணீரில் ராஜா, தரையில் கூஜா!

★ இனி சோனிக். 1991-ல் சேகா மெகா டிரைவுக்கு வந்த முதல் சோனிக் கேமின் லேபிரிந்த் ஸோன் பல பேரின் குழந்தைப் பருவத்தில் ஒரு சின்னக் காயம். வேகத்துக்கென்றே பிறந்த முள்ளெலியைத் தண்ணீரில் முக்கினால் எப்படி இருக்கும்? முடுக்கம் பாதியாகிவிடும். புவியீர்ப்பு ஏழில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். குதித்தால் பலூன் மாதிரி மெதுவாக இறங்குவார். மூச்சுக்கு 30 நொடி. அதற்குள் தரையிலிருந்து வரும் பெரிய குமிழி ஒன்றை விழுங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நெஞ்சு படபடக்கும் இசை ஆரம்பித்து, தலைக்கு மேல் 5, 4, 3 என்று எண்ணத் தொடங்கிவிடும். அந்த இசை இன்றைக்குக் காதில் விழுந்தாலும் மூச்சை இழுத்துப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மந்தத்துக்கு நடுவேதான் நீரோட்டச் சுரங்கங்கள் வருகின்றன. உள்ளே நுழைந்ததும் சோனிக் நம் கையில் இல்லை. தண்ணீர் அவரைப் படுக்கவைத்து இழுத்துக்கொண்டு போகும். மேலே கீழே கொஞ்சம் நகர்த்தலாம். நிற்க முடியாது, திரும்ப முடியாது. வழியில் ஒரு கம்பம் வந்தால் பிடித்துக்கொள்ளலாம். அதுவும் சற்று நேரத்தில் முறிந்துவிடும்!

வேடிக்கை என்னவென்றால், ஸ்டேஜ் முழுக்க ஆமையாக ஊர்ந்த சோனிக்குக் கொஞ்சமாவது வேகம் கிடைப்பது இந்தச் சுரங்கங்களில்தான். தடையாக வைத்த தண்ணீர், வண்டியாகவும் ஆகிவிடுகிறது. கேமைப் பிரித்துப் பார்த்த ரசிகர்கள் அந்தப் பகுதிக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'காற்றுச் சுரங்கம்'. புரோகிராமுக்குக் காற்றும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.

★ லேபிரிந்தின் தண்ணீர் திரையின் பாதி உயரத்துக்கு நிற்கும்போது, மேலே ஒரு நிறம், கீழே நீலம் கலந்த இன்னொரு நிறம் தெரியும். கண்ணாடி போல எதையும் மேலே போர்த்தவில்லை. டிவி வரி வரியாகப் படத்தை வரைந்துகொண்டு வரும்போது, நீர்மட்டம் இருக்கும் வரி வந்ததும் நிறப் பட்டியலையே சட்டென்று மாற்றிவிடுகிறார்கள். படம் முடிவதற்குள் பெயிண்ட் டப்பாவை மாற்றுகிற வேலை.

★ நிஜ முள்ளெலிக்கு நீச்சல் தெரியும்.

★ லேபிரிந்த் ஸோனை முடித்து, நட்சத்திர ஒளி ஸோனைத் தாண்டி, அடுத்த ஸோனின் மூன்றாவது ஆக்டுக்கு வந்தால் மறுபடியும் அதே சுவர், அதே தண்ணீர். வில்லன் தரையைத் திறந்து சோனிக்கைக் கீழே தள்ளிவிடுவான். கேமின் உள்கணக்கில் அந்த ஆக்ட், லேபிரிந்தின் நான்காவது ஆக்டாகவே பதிவாகியிருக்கிறது. முடிந்துபோன பரீட்சையை மறுபடியும் வைத்த மாதிரி. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

★ சேகாவும் ஏதோ உணர்ந்துகொண்டது போலிருக்கிறது. 1994-ல் வந்த 'சோனிக் 3'-ன் ஹைட்ரோசிட்டியில் தண்ணீர் சோனிக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும். வேகமாக ஓடிவந்தால் நீர்ப்பரப்பின் மேலேயே ஓடலாம். நீர்க்கவசம் கிடைத்துவிட்டால் மூச்சுப் பிரச்சினையும் இல்லை. என்னைக் கேட்டால், தண்ணீர் ஸ்டேஜ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் உதாரணம். 'ஹைட்ரோ சிட்டி' என்று பிரித்துச் சொல்வதா, 'ஹைட்ராசிட்டி' என்று ஒரே மூச்சில் சொல்வதா என்பதில் ரசிகர்கள் சண்டை இன்னும் ஓயவில்லை.

★ 1996: 'சூப்பர் மாரியோ 64'. இப்போது தண்ணீருக்கு ஆழமும் வந்துவிட்டது. ஜாலி ரோஜர் பே ஸ்டேஜின் அடியில் ஒரு ஊற்று பீய்ச்சி அடிக்கிறது. அதன் நடுவே ஒரு நட்சத்திரம். நீந்திப் போனால் தள்ளிவிடும். அதற்கு ஒரு பச்சைப் பெட்டியை உடைத்து உலோகத் தொப்பியைப் போட்டுக்கொள்ள வேண்டும். உடம்பு இரும்பாகிவிடும். நீந்த முடியாது, ஆனால் கல் மாதிரி அடியில் இறங்கி, கடல் தரையில் நிதானமாக நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம். மூச்சும் தேவையில்லை. வேகத்தைக் கூட்டி ஜெயிப்பதற்குப் பதிலாக எடையைக் கூட்டி ஜெயிப்பது, அழகான யோசனை. (கை தேர்ந்தவர்கள் தொப்பி இல்லாமலே எடுத்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.)

★ அதே கேமில் டயர் டயர் டாக்ஸ் என்ற ஸ்டேஜின் அடியில் பெரிய சுழல் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே நான்கு புதையல் பெட்டிகள். சரியான வரிசையில் திறக்க வேண்டும். தப்பினால் ஷாக் அடிக்கும். சுழல் இழுத்துக்கொண்டிருக்கும்போது வரிசையை யோசிப்பது, ஓடும் பஸ் படியில் நின்றுகொண்டு சில்லறை எண்ணுகிற மாதிரி. பின்னணியில் கோஜி கோண்டோவின் இசை மட்டும் தாலாட்டுப் போல ஓடிக்கொண்டிருக்கும்.

★ 1996-ன் 'கிராஷ் பாண்டிகூட்'டில் நீச்சலுக்கே இடமில்லை. ஆற்றில் விழுந்தால் உயிர் போச்சு. இலைகளின் மேல் தாவித் தாவி, ஆற்றை எதிர்த்து மேலே போக வேண்டும்.

★ தண்ணீர் இல்லாத நீரோட்டமும் உண்டு. 1986-ல் ஜப்பானில் வந்த இரண்டாவது மாரியோவில் காற்று வீசும், இலைகள் பறக்கும், மாரியோ வலப்பக்கம் தள்ளப்படுவார். அந்தத் தள்ளல் இல்லாமல் சில பள்ளங்களைத் தாண்டுவது கஷ்டம். 2018-ல் வந்த 'செலஸ்டே'யில் மலையேறும் பெண்ணுக்கு நான்காவது அத்தியாயத்தில் இந்தக் காற்றோடுதான் மல்லுக்கட்டு.

★ நிஜக் கடலைப் பற்றியும் ஒரு துளி. மாரியோவின் சுழல் கீழே இழுத்துக் கொல்கிறது. கரையோரக் கடலில் ஆளை இழுக்கும் ஓட்டம் அப்படி முக்குவதில்லை. கரையிலிருந்து வெளியே, கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். அதை எதிர்த்து நேராகக் கரைக்கு நீந்தப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்கள்தான் மூழ்குகிறார்கள். அந்த ஓட்டம் அகலம் குறைந்தது; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் வெளியே வந்துவிடலாம்.

★ குமிழி விஷயத்திலும் கேம்கள் தலைகீழ். குமிழி கொப்பளிக்கும் தண்ணீர் கேமில் நம்மைத் தூக்கிவிடும். நிஜத்தில் காற்றுக் கலந்த நீருக்கு அடர்த்தி குறைவு, ஆகவே மிதப்பதும் கஷ்டம். 'மைன்கிராஃப்ட்' 2018-ல் இரண்டையும் கொடுத்துவிட்டது. தண்ணீருக்கடியில் ஆன்மா மணலை வைத்தால் குமிழித் தூண் மேலே தள்ளும். மாக்மா கட்டையை வைத்தால் கீழே இழுக்கும். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள், அதை வைத்து லிஃப்டே கட்டிக் காட்டும்.

★ 2014-ன் 'டாங்கி காங் கன்ட்ரி: ட்ராபிகல் ஃப்ரீஸ்' கேமில் குரங்குகளுக்கு மூச்சுக் கணக்கு வந்துவிட்டது. இருபது வருடத்துக்கு முந்தைய முதல் கேமில் அவை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முங்கிக் கிடந்தன. யாரும் கேள்வி கேட்கவில்லை. 

★ 2015-ல் வந்த 'ஓரி அண்ட் த ப்ளைண்ட் ஃபாரஸ்ட்' தண்ணீரைப் பக்கவாட்டில் ஓடவிடவில்லை. கீழிருந்து மேலே பொங்கவிட்டது. ஜின்ஸோ மரத்துக்குள் வெள்ளம் ஏறுகிறது; ஓரி என்ற குட்டி ஒளிப் பிராணி அதற்கு முன்னால் மேலே ஏற வேண்டும். நடுவில் சேவ் செய்ய முடியாது. உச்சியில் தவறினாலும் அடியிலிருந்துதான்.

★ மறுபடியும் 2-2. அந்தச் சுழலிலிருந்து தப்ப, பட்டனை அழுத்திப் பிடித்துப் பயனில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு வீச்சுதான். விடாமல் தட்ட வேண்டும். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் கிடைத்த டிவி கேம்கள் பெரும்பாலும் ஜப்பான் மெஷினின் நகல்கள். கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும், உள்ளே மாரியோ நிச்சயம் இருப்பார். அந்த ஜாய்ஸ்டிக்கில் ஏ, பி-க்கு மேலே கூடுதலாக இரண்டு டர்போ பட்டன் வைத்திருப்பார்கள். அதை அழுத்திப் பிடித்தால் அதுவே நொடிக்குப் பல முறை தட்டிக்கொள்ளும். மாரியோ சுழலைக் கண்டுகொள்ளாமல் ராக்கெட் போல மேலே போய்விடுவார். என் அண்ணன் அந்த ரகசியத்தை ஒரு கோடை விடுமுறை முழுக்க என்னிடம் சொல்லவில்லை.