ஒரு நாள் விளம்பரமும் ஓயாமல் உழைக்கும் குறிப்பும்

அந்த நாட்களில் நம் கடைகளுக்கு விளம்பரம் என்றால் இரண்டுதான். ஒன்று வாய்ச்சொல். மற்றொன்று, வருடப் பிறப்புக்குச் சிவகாசியில் அடித்துக் கொடுக்கும் தினசரி காலண்டர். பேருந்து நிலையத்தில் விநியோகித்த நோட்டீஸ் சாயங்காலம் வடை மடிக்கப் போய்விடும். காலண்டர் அப்படிப் போகாது. ராகு காலம், நல்ல நேரம் பார்க்க வருகிறவர் கண்ணில் கடையின் பெயர் வருடம் முழுதும் பட்டுக்கொண்டே இருக்கும். அதில் அவருக்கு வேண்டிய விஷயம் இருந்தது; நம் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்று நம்மில் பலர் செல்போனில் செய்துகொண்டிருப்பது நோட்டீஸ் வேலைதான். நாங்களும் செய்தோம். "இன்று புது வத்தல் வரத்து, சலுகை விலை" என்று தினமும் ஒரு படம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். மறுநாள் வேறு படம். பண்டிகைக்குப் பண்டிகை பூ, விளக்கு, வாழ்த்து. படம் செய்து கொடுக்கும் பையனுக்கு மாதாமாதம் பணம் போயிற்று. அதைப் பார்த்துவிட்டு ஒரு மூட்டையாவது கூடுதலாகப் போயிற்றா என்று பேரேட்டைப் புரட்டினால், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

எங்கள் மருமகள்தான் வேறு வழி சொன்னாள். கடையில் போன் பேசுவது அவள் பொறுப்பு. ஒரு மாத காலம், வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளையெல்லாம் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வைத்தாள். "மாமா, எல்லோரும் ஏழெட்டுக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இதற்குப் பதிலை எழுதி இணையத்தில் போட்டுவிட்டால் என்ன?" என்றாள். நாற்பது வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை எழுத உட்கார்ந்தபோதுதான், நமக்கு எவ்வளவு தெரியும் என்பதும் எவ்வளவு தெரியாது என்பதும் விளங்கியது.

முதல் கேள்வி, எந்த வத்தல் எதற்கு என்பது. இராமநாதபுரம் முண்டு உருண்டையாக, தடித்த தோலுடன் இருக்கும். தாளிக்கவும் சாம்பாருக்கும் நம் வீடுகளில் அதுதான். கர்நாடகத்துப் பியாடகி சுருங்கிச் சுருங்கி இருக்கும், நிறம் அள்ளிக் கொடுக்கும், காரம் குறைவு. குண்டூர்ப் பக்கத்துத் தேஜா மெலிந்தது, காரம் மண்டையில் ஏறும். நிறத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று கலந்து அரைக்கிறவர் செலவும் குறையும். இதையெல்லாம் படத்தோடு எழுதிப் போட்டோம். 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அது என்ன மிளகாய் என்று தேடியவர்கள் சிலர் எங்கள் குறிப்பைப் பார்த்துவிட்டு வெளிமாநிலத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதற்கென்று நாங்கள் ஒரு காசு செலவழிக்கவில்லை.

இரண்டாவது, மழைக்காலத்தில் வத்தல் பூசணம் பிடிக்காமல் வைப்பது எப்படி என்பது. கையில் பிடித்து நெரித்தால் சடசடவென்று உடைய வேண்டும். துவண்டால் ஈரம் இருக்கிறது. மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும். பூசணம் பிடித்ததைத் துடைத்துவிட்டு நல்லதோடு சேர்க்கக் கூடாது; அதில் உருவாகும் நஞ்சு துடைத்தால் போகாது. ஒவ்வோர் ஐப்பசியிலும் இந்தக் குறிப்புக்கு ஆள் வருகிறது. சலுகைப் படத்துக்கு அப்படி யார் திரும்பி வருவார்?

மூன்றாவது குறிப்பால் வம்பு வந்தது. மிளகாய்த் தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எளிய சோதனையை எழுதினோம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துத் தூளை மேலாகத் தூவினால், சாயம் இருந்தால் வண்ணக் கோடுகளாகக் கீழே இறங்கும். "அண்ணாச்சி, தொழில் ரகசியத்தை இப்படிச் சந்திக்குக் கொண்டுவரலாமா? நாளைக்கு ஒவ்வொருத்தரும் டம்ளரோடு கடைக்கு வருவார்களே" என்று நம் வியாபாரிகளே கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் குறிப்பை எடுக்கவில்லை. சுத்தமான சரக்கு விற்கிறவனுக்கு டம்ளர் எதிரியல்ல.

அதில் எங்கள் பக்கமும் ஒரு தவறு இருந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் எடுத்துச் சொன்னார்: சூடான் சாயம் எண்ணெயில் கரைவது, தண்ணீர்ச் சோதனையில் பிடிபடாது. 2003இல் ஐரோப்பிய நாடுகள் இந்த சாயத்துக்காகத்தான் மிளகாய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டன. சோதனையில் தேறியதெல்லாம் சுத்தம் என்று நாங்கள் எழுதியிருந்தது தவறு. உடனே திருத்தினோம். திருத்திய தேதியையும் மேலேயே போட்டோம்.

தொழில் அறிவைச் சும்மா கொடுப்பது நம் கண்டுபிடிப்பும் அல்ல. பிரான்சில் டயர் செய்த மிஷெலின் சகோதரர்கள் 1900லேயே, டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், எந்த ஊரில் தங்கலாம் என்று கையேடு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். வண்டி ஓடினால்தானே டயர் தேயும்! அந்தக் கையேடு இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

எதை எழுதிப் போடக் கூடாது என்பதைப் பட்டுத்தான் கற்றோம். ஒரு முறை விலைப்பட்டியலையும் சேர்த்துப் போட்டு மறந்துவிட்டோம். சில மாதம் கழித்து வெளியூர்ச் சில்லறை வியாபாரி ஒருவர் வேன் பிடித்து வந்து, செல்போனைக் காட்டி அந்த விலைக்கே பத்து மூட்டை கேட்டார். தவறு நம்முடையது, கொடுத்தோம். கையைக் கடித்தது. வரி விவரமும் அப்படித்தான். நெய், பாதாமுக்கு 12 சதவீதம் என்று எழுதியிருந்தோம். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி அது 5 சதவீதம் ஆனது; எங்கள் குறிப்பு ஒரே நாளில் பொய்யாகிவிட்டது. இப்போது விலையும் வரியும் போனில் கேட்டால் மட்டும் சொல்கிறோம். மற்றக் குறிப்புகளைத் தை மாதம் கணக்கு சரிபார்க்கும்போது ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுகிறோம்.

வியாபாரம் இதனால் இரட்டிப்பாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் போனில் வருகிறவர் பேரத்தோடு ஆரம்பிப்பதில்லை. "உங்கள் குறிப்பைப் பார்த்தேன், எனக்கு ஹோட்டலுக்கு எது சரிப்படும்?" என்று ஆரம்பிக்கிறார். மருமகளின் நோட்டில் இந்த மாதம் அதிகம் ஏறியிருப்பது புளி. போன வருடத்துப் புளி ஏன் கறுத்துவிட்டது, கறுத்தால் கெட்டுவிட்டதா என்று கேட்கிறார்கள். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.