பழைய காரின் பெயிண்டை உரிப்பதற்கு முன்

தகப்பனார் காலத்து அம்பாசிடரையோ, பியட்டையோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ விற்க மனமில்லாமல் கிடங்கு ஓரத்தில் தார்ப்பாய் மூடி நிறுத்தி வைத்திருக்கும் வணிக அன்பர்கள் நம்மில் பலர் உண்டு. 2014இல் உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோனது. கோவை ஜி.டி. கார் மியூசியத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, நம் வண்டியையும் இப்படிப் புதுப்பித்தால் என்ன என்ற ஆசை வந்துவிடுகிறது. வருகிறவர்கள் எல்லாம் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பழைய பெயிண்டை உரிப்பது பற்றி யாரும் கேட்பதில்லை. நாங்கள் கையைச் சுட்டுக்கொண்டது அந்த வேலையில்தான் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறோம்.

எங்கள் தகப்பனார் 1969இல் வாங்கிய அம்பாசிடர் அது. பார்வைக்குப் பாடி நன்றாகவே இருந்தது. டிங்கரிங், பெயிண்டிங் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடித்தோம். இது முதல் தவறு. பருப்பு மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் விலை பேசுவோமா? காருக்கும் ஒரு குத்தூசி உண்டு. சாதாரண காந்தத் துண்டை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்திப் பாருங்கள். இரும்புத் தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் நழுவும். கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு, டிக்கியின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் எங்கள் வண்டியில் காந்தம் நிற்கவே இல்லை. பட்டியை எடுத்தபோது உள்ளே துரு தின்றுபோன ஓட்டைகள். ஆகவே உரிப்பதற்கு ஒரு கூலி, உரித்த பிறகு தகட்டைப் பார்த்து டிங்கரிங்கிற்கு ஒரு கூலி என்று தனித்தனியாகப் பேசுவதே இருவருக்கும் நல்லது.

அடுத்து, பெயிண்ட் எந்த வகை என்று பார்க்க வேண்டும். தின்னரில் நனைத்த பஞ்சால் மறைவான ஓரிடத்தில் தேய்த்தால், பழைய டியூகோ வகை லாக்கர் கரைந்து பஞ்சில் நிறம் ஏறும். சூட்டில் வேகவைத்த எனாமலோ, கெட்டியூக்கி கலந்து அடிக்கும் பிற்காலத்துப் பெயிண்டோ எளிதில் கரையாது. ஐம்பது வருட வண்டி ஒன்றில் இவை எல்லாமே ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கலாம்.

உரிக்கும் வழிகளில் பெயிண்ட் ரிமூவர் பூசுவது தகட்டுக்கு மிகவும் சாது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து ரோமத்தை இளக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான். மருந்து பெயிண்டுக்குள் இறங்கி அதை உப்ப வைத்துத் தகட்டிலிருந்து விடுவிக்கிறது. முதலில் முரட்டு உப்புத்தாளால் மேற்பரப்பைக் கீறிவிட்டு, ரிமூவரைக் கனமாக ஒரே பக்கமாகப் பூசி, காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடிக் காத்திருக்க வேண்டும். பிறகு மரச் சீவுளியால் தள்ளினால் தோலாக உரிந்து வரும். இரண்டு தகடுகள் சேரும் இணைப்புகளில் மட்டும் மருந்து படக்கூடாது. உள்ளே தங்கிய மருந்து, புதுப் பெயிண்ட் அடித்த பின் கசிந்து அதையும் உப்ப வைத்துவிடும். அங்கே டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பின்னால் கையால் தேய்ப்பதே சரி. சோப்புத் தொழிலுக்கு வாங்கும் காஸ்டிக் சோடாவைச் சிலர் உபயோகிக்கிறார்கள். அதுவும் சந்துகளில் தங்கும். அலுமினியப் பாகங்களை அரித்தேவிடும்.

தகட்டுக்குச் சாதுவான இந்த மருந்து மனிதனுக்குச் சாதுவல்ல. பல ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனம். குழியிலும் மூடிய ஷெட்டிலும் தரையோடு தேங்கி நிற்கும். மூச்சில் போனதை உடல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுவதால் இருதயம் திணறும். இதனால் உயிர்கள் போன பிறகு அமெரிக்காவில் 2019இல் வீட்டு உபயோகத்துக்கான ரிமூவர்களில் இதைத் தடை செய்தார்கள். நம் ஊரில் பையன்கள் வெறுங்கையோடு, மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொண்டு இதைப் பூசுகிறார்கள். கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இந்த மருந்து ஊடுருவாத கையுறையோடு செய்ய வேண்டிய வேலை இது.

மணல் பீய்ச்சுவது சீக்கிரம் முடியும். அந்தச் சீக்கிரத்துக்கு ஆசைப்பட்டு எங்கள் பானெட்டை ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். திரும்பி வந்தபோது அது பொரித்த அப்பளம் போல அலையலையாக இருந்தது. மணல் மோதும் வேகத்தில் மெல்லிய தகட்டின் மேல்பக்கம் நீண்டுவிடுகிறது, பிறகு அது நேராவதில்லை. சேசிஸ், சக்கரம், ஆக்சில் போன்ற கனத்த பாகங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அதிலும் சிலிக்கா மணல் நுரையீரலைக் கெடுக்கிறது என்று பிரிட்டனில் 1949ஆம் ஆண்டு விதிகளிலேயே அதைத் தடுத்துவிட்டார்கள். மெல்லிய தகட்டுக்கு மணலுக்குப் பதிலாகச் சோடாத் தூளைப் பீய்ச்சும் முறை ஒன்று உண்டு. நாம் கடையில் பொட்டலம் கட்டி விற்கும் அதே சமையல் சோடாதான்! நியூயார்க் சுதந்திர தேவி சிலையை 1980களில் பழுதுபார்த்தபோது, உட்புறத் தாமிரத் தகட்டில் ஒட்டியிருந்த தாரை இப்படித்தான் எடுத்தார்கள். சோடா படிந்த தகட்டை நன்றாகக் கழுவாவிட்டால் பிரைமர் ஒட்டாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இனி நம் தொழிலோடு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறோம். பழைய பெயிண்டுகளில் ஈயம் உண்டு. செந்தூரமாக இருக்கும் பழைய பிரைமரிலும், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களிலும் அது அதிகம். மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பு ஏற்றக் கலப்படக்காரர்கள் பூசும் ஈயக் குரோமேட்டும், பழைய மஞ்சள் பெயிண்டின் நிறப்பொடியும் ஒன்றே. வீட்டு பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அந்தக் கட்டுப்பாடு வீட்டு பெயிண்டுக்கு. நம் வண்டிகளோ அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியவை.

காந்திகிராமத்தை அடுத்த எங்கள் கிடங்கு முற்றத்தில்தான் முதலில் வேலையை ஆரம்பித்தோம். வேலையாள் கிரைண்டர் போட்டார். சாயங்காலம் பார்த்தால் கிடங்கு வாசலோரம் அடுக்கியிருந்த பச்சைப் பயறு மூட்டைகளின் மேல் சிவப்பும் மஞ்சளுமாக மாவு போலத் தூசி. பதினொரு மூட்டைகள். தட்டிவிட்டு விற்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கண்ணுக்குப் பயறு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சாக்கு என்பது சல்லடைதானே. ஈயத்தில் இவ்வளவு வரை பாதகமில்லை என்ற அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கொடுத்தது போனால் போகட்டும் என்று நஷ்டக் கணக்கில் எழுதினோம். மாட்டுத் தீவனத்துக்கும் கொடுக்கவில்லை. வீட்டில் அன்று கொஞ்சம் பேச்சு வாங்கியது தனிக்கதை.

அதன் பிறகு வண்டியைக் கிடங்கிலிருந்து அப்புறப்படுத்தி, தோட்டத்து வெளியில் வைத்துத்தான் வேலை நடந்தது. உலர்ந்த பெயிண்டைத் தேய்ப்பதை நிறுத்தி, வாட்டர் பேப்பரில் ஈரமாகவே தேய்க்கச் சொன்னோம். ஈரமாக இருந்தால் தூசி பறக்காது. வேலையாட்கள் உடை மாற்றி, கைகால் கழுவிய பிறகே வீட்டுக்குப் போனார்கள். லுங்கியில் ஒட்டிய தூசி தொட்டில் வரைக்கும் போகும். ஊதுவிளக்கால் சூடுகாட்டிச் சுரண்டும் பழைய வழக்கம் அறவே வேண்டாம். அதில் ஈயம் புகையாகவே மூக்கில் ஏறும். சுரண்டிய சக்கையைத் தரையில் விரித்த தாளில் சேர்த்து டின்னில் அடைத்து வைத்தோம். தோல் கழிவால் நம் வட்டாரக் கிணறுகள் பட்ட பாடு தெரிந்தவர்கள் அதைச் சாக்கடையில் தள்ள மாட்டார்கள்.

உரித்த தகடு வெறுமனே ஒரு இரவுகூட நிற்கக்கூடாது. விரல் பட்ட இடத்திலெல்லாம் துரு பூக்கும். கதவு, பானெட், டிக்கி என்று ஒவ்வொன்றாக உரித்து, அன்றன்றே துடைத்து எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மாசி, பங்குனி உத்தமம்.

சட்ட விஷயமும் உண்டு. சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படக்கூடாது. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸும் பாடியும் எஞ்சினும் பெரிய மாற்றமில்லாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்ததை அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ உபயோகிக்க முடியாது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் பதிய வேண்டும்.

எங்கள் வண்டியில் மேலே வெள்ளை, அதன் கீழ் ஒரு நீலம், அதற்கும் கீழ் செந்தூரம் அல்லாத ஒரு சாம்பல் நிறம் வந்தது. அதுதான் தகப்பனார் வாங்கிய நிறமா, அடிப்பூச்சா என்று எங்களுக்குள் வாதம். டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தபோது வெயில் படாத மூலையில் அசல் நிறம் அப்படியே இருந்தது. பெயிண்டரிடம் அந்த மூலையைக் காட்டித்தான் நிறம் கலக்கச் சொன்னோம். டிக்கி மூடியின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பெயிண்டை உரிக்காமல் விட்டு, அதன் மேல் வார்னிஷ் மட்டும் பூசி வைத்திருக்கிறோம்.