6 மீட்டரா, 3 மீட்டரா? பார்வையற்றவர்களை இந்தியா எப்படிக் கணக்கெடுக்கிறது?

ஆறு மீட்டர் தள்ளி நின்று ஒருவர் விரல்களைக் காட்டுகிறார். எத்தனை விரல் என்று உங்களால் சொல்ல முடியவில்லை. அப்படியென்றால் நீங்கள் பார்வையற்றவரா?

2017-க்கு முன்பு கேட்டிருந்தால், அரசுக் கணக்கில் 'ஆமாம்'. இன்று, மூன்று மீட்டர் தூரத்திலும் எண்ண முடியாவிட்டால்தான் 'ஆமாம்'. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலுக்கு ஏற்ப அந்த ஆண்டு விதியை மாற்றினார்கள்.

எப்படி எண்ணுகிறார்கள்?

2015 - 2019 தேசிய ஆய்வை நடத்தியது டெல்லி எய்ம்ஸின் கண் மருத்துவ மையம். 31 மாவட்டங்களில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பரிசோதித்தார்கள். பார்வையிழப்பு அதிகம் வருவது இந்த வயதில்தான் என்பதால், குறைந்த ஆட்களை வைத்தே நம்பகமான கணக்குக் கிடைத்துவிடும்.

இத்தகைய ஆய்வில் 'E' எழுத்து அட்டைதான் முக்கியக் கருவி. எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அடுத்து, ஊசித்துளை போட்ட அட்டை வழியே பார்க்கச் சொல்வார்கள். அதில் தெளிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் கண்ணாடி போட்டாலே சரியாகிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்புரை தெரிந்துவிடும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

முடிவு: 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1.99 சதவிகிதம் பேர் பார்வையற்றவர்கள். மொத்த மக்கள்தொகைக்குக் கணக்கிட்டால் 0.36 சதவிகிதம். 2006-07 ஆய்வில் இது 1 சதவிகிதம். ஆனால் அது பழைய ஆறு மீட்டர் கணக்கு. இரண்டையும் அருகருகே வைத்து, 'மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது' என்று சொல்லிவிட முடியாது. நான்கு மீட்டரில் விரல் எண்ணும் பாட்டிக்குப் பார்வை திரும்பவில்லை. 'கடுமையான பார்வைக் குறைபாடு' என்ற வேறு பட்டியலுக்கு மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பார்வையிழந்த ஆண்கள் 1.67 சதவிகிதம், பெண்கள் 2.31. பள்ளிக்கே போகாதவர்களில் 3.23, பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களில் வெறும் 0.43!

வீட்டிலேயே பாருங்கள்

50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவிகிதத்துக்குக் காரணம் கண்புரை. அறுவை சிகிச்சையில் சரிசெய்யக்கூடியது. அரசு மருத்துவமனைகளில் இலவசம். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு கண்ணை மூடச் சொல்லி, ஆறு மீட்டர் தள்ளி நின்று விரல்களைக் காட்டுங்கள். அடுத்த கண்ணுக்கும் அப்படியே. தடுமாறினால், 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.